நூறு லிட்டர்

அன்பு மகளுக்கு,

போன்ல நீ கறுப்பியைப் பத்திக் கேட்டதும், சிக்னல் இல்லைன்னு சொல்லி வச்சுட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

பால் வண்டி இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வர்றதில்லை. "நூறு லிட்டருக்குக் குறைஞ்சா நிறுத்தக் கூடாதாம்ணே, கம்பெனி உத்தரவு"ன்னு டிரைவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். நாலு மாட்டை வச்சுக்கிட்டு நூறுக்கு நான் எங்கே போறது? ஒரு மாசம் அக்கம்பக்கத்துல ஊத்திப் பார்த்தோம். விற்காத பாலை உங்கம்மா வாய்க்கால்ல கொட்டினா.

செவ்வாய்க்கிழமை மாட்டு வியாபாரி லாரியோட வந்தார். மூணு மாடு ஏறிடுச்சு. கறுப்பி மட்டும் அசையலை. ஒருத்தன் கம்பை ஓங்கினான்.

"அடிக்காதப்பா, நான் கூப்பிட்டா வருவா"ன்னு நானே முன்னால ஏறினேன். என்னை நம்பிப் பின்னாலேயே ஏறிட்டா.

அப்புறம் நான் மட்டும் இறங்கினேன்.

உன் அப்பா