அழுத்த இறங்காத கோப்பி

வெள்ளிக்கிழமை, இரவு.

கனடாவிலிருந்து வந்த மகன் நாளைக் காலை கொழும்புக்குப் போகிறான். இவ்வளவு நாளும் யாழ்ப்பாணம் ரவுணில் ஹோட்டலில்தான் படுத்தான். கடைசி இரவாவது வீட்டில் படுக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு, அவனுடைய கட்டிலுக்குத் தோய்த்த விரிப்புப் போட்டேன்.

அவன் கொண்டுவந்து தந்த, வலையை அழுத்திக் கோப்பி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸில் பின்னேரம் நானே கோப்பி போட்டேன். கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்து, மாப்போல அரித்தெடுத்த எங்கள் வீட்டுத் தூள். கரண்டியால் அளந்து போட்டு, கொதிநீர் விட்டு அழுத்தினேன். வலை இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்த, கோப்பி சீறி அவனுடைய வெள்ளைச் சேட்டில் அடித்தது.

"ஐயோ அம்மா! உதுக்குத் தூள் குறுணியா இருக்கவேணும். நீங்கள் மாவெல்லோ போட்டிருக்கிறியள்!"

சிரித்துக்கொண்டே போனில் மனைவிக்கு என்னைக் காட்டினான். அவளும் சிரித்தாள்.

"சேட்டைக் கழட்டித் தா தம்பி. தோய்ச்சுப் போட்டால் விடியக் காய்ஞ்சிடும். இரவைக்கு இஞ்சை நில்லன்."

"இல்லையம்மா, மாத்து உடுப்பெல்லாம் ஹோட்டலிலை கிடக்கு. நான் வெளிக்கிடுறன்."

இருட்ட முன்னமே போய்விட்டான். நான் போட்ட கோப்பியே அவனுக்குச் சாட்டாகிவிட்டது.

மிச்சத்தைத் துணியில் வடித்துக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

விரிப்பு கட்டிலில் அப்படியே கிடக்கிறது. நாளைக்குப் பிள்ளையாருக்குப் பூ ஆயப் போவதில்லை. அவரும் ஒருநாள் சும்மா இருக்கட்டும்.