மேசைக்கடியில் ஒரு பேழை

ஜூன் 12

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று மாதமாக ஒரு வரி இல்லையே. திருச்சபையின் கல்வி அலுவலகத்தில் நாற்காலி கிடைத்ததும் பழைய மழலையர் வகுப்பு மறந்துவிட்டதா?

புதுத் தலைமையாசிரியை விளையாட்டு நேரத்தை எடுத்துவிட்டு எழுத்துப் பயிற்சி வைக்கச் சொல்கிறார். என் வகுப்பில் ஒரு ரெட்டைச்சடைக்காரி. சேர்ந்த நாள் முதல் வாயே திறக்கவில்லை. நேற்று மேசையைப் பேழையாக்கி, மிருகங்கள் வெள்ளத்துக்குத் தப்பி ஏறும் நோவா கதையை விளையாடினோம். இவள் ஆடு. வெளியே நின்றுகொண்டு, "கதவத் தொறங்க, நனையுறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டை எடுத்தால் இவள் பழையபடி ஆகிவிடுவாள். நான் என்ன செய்ய?

உன் தங்கை

ஜூன் 25

அடி அழுமூஞ்சி,

பன்னிரண்டு வருஷம் அதே வகுப்பில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன். கால அட்டவணையில் 'விளையாட்டு' என்று எழுதினால்தானே கை வைப்பார்கள்? 'வேதபாடம்' என்று எழுது. நோவா வேதத்தில்தானே இருக்கிறார். நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

ஆறு வாரம் நன்றாகத்தான் போயிற்று. ரெட்டைச்சடைக்காரி என்னிடமே வந்து தண்ணீர் கேட்டாள். ஆனால் தினமும் வேதபாடம் நடக்கிறதென்று தலைமையாசிரியைக்கு ஏக சந்தோஷம். பிள்ளைகள் வசனம் சொல்வதைக் கேட்கப் போதகரை அழைத்துவிட்டார். அவர் முதலில் எழுப்பியது இவளைத்தான். இவள் அழகாக எழுந்து நின்று ஆடு மாதிரிக் கத்தினாள். போதகர் சிரித்தார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அன்றைக்கே மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பொய் எழுதினேன் என்று உங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்திருக்கும். மழலையர் வகுப்பில் இது வழக்கம்தான் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் குழந்தை மறுபடி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை

ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

புகார் என்னிடமேதான் வந்தது. ஓய்வுபெற எனக்கு இன்னும் எட்டு மாதம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது எந்த முகத்தோடு சொல்வேன்? உன்னை மூன்றாம் வகுப்புக்கு மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் வேலை போகாமல் பார்த்துக்கொண்டேனே, அதை நினைத்துப் பார். இதைப் பற்றி அலுவலக முகவரிக்கு எழுதாதே. உனக்காக ஜெபிக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

யார் சொல்லி அப்படி எழுதினாய் என்று தலைமையாசிரியை இரண்டு தடவை கேட்டார். உன் பேரை நான் சொல்லவில்லை, பயப்படாதே.

நேற்று ரெட்டைச்சடைக்காரியின் அம்மா வந்து பள்ளியை விட்டே அவளை நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று வீட்டில் கேட்டதற்குக் குழந்தை சொன்னதாம், "நான் பேசுனதாலதான் மேசைய எடுத்துட்டாங்க" என்று. அப்படி இல்லை கண்ணு என்று அவள் முன்னால் மண்டியிட்டுச் சொன்னேன். அவள் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஜெபம் வேண்டாம், அக்கா. இனிக் கடிதமும் வேண்டாம்.