ஊதினால் உப்பும் கை

வில்லியனூர்,
14.9.86, ஞாயிறு.

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி பிலவேந்திரனுக்கு அக்கா இன்பமேரி எழுதுவது.

மூன்று வாரமாக உனக்கு எழுதவில்லை. மறந்து போய் அல்ல, கோபத்தில். இப்போதும் அது முழுக்க ஆறவில்லை. ஆனால் ஒன்றாம் தேதிக்குள் உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து படி. உன் மாமாவுக்கு வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். பாதி சோறு தரையில்தான். சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நம் செவலைப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது. அதைக்கூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "மச்சானுக்கு எழுதாத. படம் போடுற கைடி அது. நடுங்கிடப் போவுது."

பார், இப்படிப்பட்ட மனுஷன்.

ஜூலையில் நீ போட்ட பொம்மைப் படம் மாமாவின் திருபுவனை கம்பெனிக்கு வந்தது. அதற்கு முன்னால் வேலை பழக்கும் வகுப்பு என்றால் ஆபீசர் ஒரு மணி நேரம் பேசுவாராம், பாதிப்பேர் குறட்டை விடுவார்களாம். "சிரிச்சாத்தான்க்கா மனசுல நிக்கும்" என்று ஏப்ரலில் மாதா திருவிழாவுக்கு வந்திருந்தபோது நீ சொன்னாய். அப்போதுதான் மாமாவை எதிரே உட்காரவைத்து, மீசையும் தோள் துண்டுமாக நோட்டில் வரைந்தாய். வேலையை எப்படித் தொடங்குவார் என்று கேட்டாய். அவரும் வெள்ளந்தியாகச் செய்து காட்டினார். கோயிலில் மாதா சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்கிற மாதிரி, மிஷினில் தகடு வைக்கிற இடத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் வேலையில் இறங்குவார். ஒன்பது வருஷப் பழக்கம். ஆனால் மோட்டார் போடுவதற்கு முன்னால், தம்பி. எப்போதும் முன்னால்.

உன் படத்தில் அந்தப் பொம்மை முதலில் பொத்தானை அழுத்துகிறது. சக்கரம் சுற்றுகிறது. அப்புறம்தான் தொட்டு முத்தி செய்யப் போகிறது. அப்போதுதானே கை நசுங்கும், அப்போதுதானே சிரிப்பு வரும். கை அப்பளமாகத் தட்டையாகிறது. பொம்மை கட்டைவிரலை வாயில் வைத்து ஊதுகிறது. கை பழையபடி உப்பிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் இடுக்கியை எடுத்துத் தகடு வைக்கிறது. கையை உள்ளே விடாதே, இடுக்கியால் வை என்பதுதான் பாடம். யாருக்கும் இடுக்கி நினைவில் நிற்கவில்லை. ஊதினதுதான் நின்றது.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரிடமும் மச்சான் போட்ட படம், நான்தான் அது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்களும் விடவில்லை. ஒருவாட்டி காட்டுங்க, ஒருவாட்டி காட்டுங்க என்று தினமும் கேட்டிருக்கிறார்கள். இவரும் சக்கரம் சுற்றும்போதே தொட்டுவிட்டு, சட்டென்று இழுத்து முத்தி செய்து, கட்டைவிரலை ஊதிக் காட்டியிருக்கிறார். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டை மிஷினாக வைத்துக்கொண்டு செய்தார். நம் செல்வி விக்கல் வரச் சிரித்தாள். மறைப்பானேன், நானும்தான் சிரித்தேன்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமையும் அப்படித்தான் காட்டியிருக்கிறார். கால் பெடலில் பட்டு, மேலே நின்ற அச்சு கைமேல் இறங்கிவிட்டது.

பக்கத்து மிஷினில் வேலை செய்யும் இருசப்பன் மறுநாள் வந்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கையை முகத்துக்கு நேரே தூக்கினாராம். அவர்கள் எல்லோரும் ஊதப் போகிறார் என்று நினைத்தார்களாம். "ரத்தத்த பாக்குற வரைக்கும் சிரிச்சினு இருந்தோம்க்கா" என்றான்.

கம்பெனியில் போய்க் கேட்டேன். படம் பார்த்ததும் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், எனக்கு வேலை பழக்கிக் கொடுத்தார்கள் என்று. மானேஜர் அதை எடுத்துக் காட்டினார். இவ்வளவு தெளிவாகப் படம் போட்டுக் காட்டியும் கையை வைத்தால் நாங்கள் என்ன செய்வது என்றார். இரக்கப்பட்டு ஒன்று மட்டும் செய்கிறார்களாம். அப்பா இடத்தில் செல்வியை எடுத்துக்கொள்கிறார்கள். அதே மிஷின். அக்டோபர் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

மாமா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். செல்வி கேட்கவில்லை. சின்னவன்கள் இரண்டு பேருக்கும் வேறு யார் இருக்கிறார்கள், நீயே சொல். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் முதல் நாள் அவளை உட்காரவைத்து அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். அது வேண்டாமே என்று மானேஜரிடம் கெஞ்சினேன். அதைப் போட்டால்தான் ஆட்கள் தூங்குவதில்லை என்கிறார். செல்வியும் அப்பனைக் கொண்டு பிறந்தவள். சைக்கிளை எடுத்தால்கூடத் தொட்டு முத்தி செய்துவிட்டுத்தான் ஏறுவாள். திரையில் அவள் அப்பா மீசையோடு அதைச் செய்தால் அவள் செய்யாமல் இருப்பாளா? அந்த மிஷின் பக்கத்தில் நின்றால் அவளுக்கு எது நினைவுக்கு வரும்?

இன்று சிலுவைத் திருநாள். பூசை முடிந்து எல்லோரும் சிலுவையை முத்தி செய்யப் போனார்கள். மாமா கட்டுப்போட்ட கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு கடைசித் தூணோரம் நின்றுவிட்டார். நான் கூப்பிட்டும் வரவில்லை.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. போட்டால் என்மேலும் போட வேண்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். படத்தின் கடைசியை மாற்று. நசுங்கின கை நசுங்கினபடியே இருக்கட்டும். ஊத விடாதே. ஒரு நிமிஷப் படத்துக்கு எத்தனையோ நூறு தாள் வரைய வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் முதலாளி காலில் விழுந்தாவது வரை. அப்படி ஒரு கை எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் புறப்பட்டு வா. மாமாவை எதிரே உட்காரவைத்துப் பார்த்து வரை. போன தடவையும் அவரைப் பார்த்துத்தானே வரைந்தாய்.

அவர் சொன்ன மாதிரி உன் கை நடுங்கத்தான் நடுங்கும். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே வரை.

உன் பத்து விரலையும் மாதா காப்பாற்றட்டும்.

ஒன்றாம் தேதிக்கு முன் உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா இன்பமேரி.