அப்பா காட்டிய சுத்தமான மடு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுப்பெண்ணும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு அழ ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, நிதானமாகப் படி.

சுரங்கத்துக் கழிவுக் குட்டை உடைந்து ஆற்றில் கலந்ததிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆற்று மட்டிச் சிப்பிதான் பேச்சு. பிடித்துவந்த மட்டியை நல்ல தண்ணீரில் போட்டு வயிற்று மண்ணைக் கக்கவிட்டு, சதையை உலர்த்திப் பொடித்து அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு என்று பார்க்கிறோம். என் கை வாசனைக்கு எதிர்வீட்டுப் பூனை என்னை விட்டு நகர்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடத்து மட்டியும் வேண்டுமே, உன் அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றும் வழி காட்டும் வேலையை விடவில்லை, சுரங்கத்துக்கு மேற்புறம், கழிவு கலக்காத பாலத்தடி மடுவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். கண்ணை மூடிக்கிட்டு எடுங்க, நான் வருஷக்கணக்கா சாப்பிடுற மட்டி என்று ஒரே ஜம்பம். கடைசியில் அந்த மட்டியில்தான் ஈயம் அதிகம். மெஷின் கோளாறு என்று மறுபடி போட்டோம், அதேதான். யாரோ எந்தக் காலத்திலோ கொட்டிவிட்டுப் போன சுரங்க மண் அந்தக் கரைக்கு அடியில் கிடக்கிறதாம்.

அப்பாவைக் கையோடு கூட்டிப்போய் ரத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல்தான், மட்டியை நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. போன விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது ஓட்டைப் பிரித்து ஊதி ஊதிப் பேத்திக்கு ஊட்டினாரே, அதையே நினைத்து மருகுகிறார். பச்சைப்பிள்ளைக்கு என் கையாலயே குடுத்தேனே என்று ஒரே புலம்பல். நாலு வாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றால், நீ என் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவே என்கிறார். ஊருக்கெல்லாம் ஈயம் அளந்து சொல்கிறவள் பேச்சு வீட்டில் எடுபடவில்லை, பார்.

அதனால் கண்ணு, உனக்கும் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடு. ஊசியைப் பார்த்தால் வாலு ஊரைக் கூட்டும். மாப்பிள்ளையோடு அனுப்பாதே, அவர் முதலில் மயங்கி விழுவார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாய் இருக்க என் ஆசி. ஒன்று மறக்காதே, முடிவு வந்ததும் எனக்குப் போன் போடாதே, அப்பாவைக் கூப்பிடு. அவராகக் கேட்கமாட்டார், ஆனால் போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போகிறார். நீ பேச வேண்டாம், குழந்தையைப் பேசச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா