அழிக்காமல் விட்ட வரி

ஜூன் 2, செவ்வாய்

காலையிலேயே கச்சான் காற்று. கடைக்குள் ஒரே மண். திருத்த வந்தவை இரண்டு பிரிண்டர், ஒரு மொனிட்டர். மொனிட்டர் சரிவராது.

மனைவி ப. படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபர் வந்தார். பத்தாம் வகுப்பைப் பாராளுமன்றம் பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். சண்டை முடிந்துவிட்டது, இனிப் பாதை பயமில்லையாம். பெயர் லிஸ்ட் அடித்துத் தர வேண்டும்.

"உங்கட மிசிஸ் ஒழுங்குபடுத்தின பயணம்தானே தம்பி. நீங்களும் வாங்க."

தலையாட்டினேன். ஏன் என்று தெரியாது.

பழைய லிஸ்ட் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ப. சொல்லச் சொல்ல நான் அடித்தது. அப்போது அவர்கள் ஐந்தாம் வகுப்பு. ஜனவரியில் போவதாக இருந்தது. டிசம்பரில் கடல் வந்தது.

ஜூன் 4, வியாழன்

லிஸ்டைத் திறந்தேன். பிள்ளைகள் 34. கடலோடு போனவர்கள் 5. ஒவ்வொரு பெயராக அழித்தேன். வேலை மாதிரித்தான்.

ஆசிரியர் பகுதியில் ப. முழுப் பெயர், அடையாள அட்டை நம்பர். அந்த வரியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அதற்குக் கீழே என் பெயரை அடித்தேன். கல்யாணக் கார்டுக்குப் பிறகு இரண்டும் ஒரே தாளில்.

மாமிக்குப் பிரஷர் குளிசை வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 5, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்கு முன் அதிபர் அவசரப்படுத்தினார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த வரியோடு. மறந்து அல்ல.

மாமி: "எங்க பயணம் மகன்?"

"பாராளுமன்றம் பார்க்க."

"அதுக்குள்ள பார்க்க என்ன இரிக்கி? அவங்கட சத்தத்த ரேடியோவுல கேட்டா போதாதா?"

அவருடைய மகள் ஒழுங்குபடுத்திய பயணம் அது என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. மாமி சொன்னால் நான் அழுவேன் என்று மாமிக்குப் பயம். எனக்கும் அதே பயம், மாமியைப் பற்றி.

ஜூன் 24, புதன். கொழும்பு

தூறல். பஸ்ஸில் முதுகு போய்விட்டது. பாராளுமன்றம் தண்ணீருக்கு நடுவே. செப்புக் கூரை. பின்னால் இரண்டு பிள்ளைகள்:

"ஹோட்டல் மாதிரி இரிக்கிடி."

"வாய மூடு. கேட்டா வெளிய போட்டுருவாங்க."

கேட்டில் போன், பை எல்லாம் வாங்கிவிட்டார்கள். வயதான பொலிஸ்காரர் ஒருவர் லிஸ்டை வாசித்தார். ஒவ்வொருவராக உள்ளே. கடைசியில் ஆசிரியர் பகுதி. ப.வின் பெயர். திரும்பவும் வாசித்தார். இன்னும் சத்தமாக. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"இவங்க எங்க?" தமிழில் கேட்டார்.

அதிபர் வாய் திறக்குமுன் சொன்னேன். "மௌத்து." அவருக்கு விளங்கவில்லை. "சுனாமியில."

"அப்ப லிஸ்டில இருக்குதே?"

"நான்தான் அடிச்சன்."

பேனாவை நீட்டினார். பெயரில் கோடு போட்டு சைன் வைக்க வேண்டுமாம். வாங்கினேன். முனையைத் தாளில் வைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பின்னால் வேறு பள்ளிக்கூட வரிசை. தூறல் தாளில் விழுகிறது.

பேனாவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கோடு போடவில்லை. பெயருக்குப் பக்கத்தில் சிங்களத்தில் சின்னதாக எதையோ எழுதினார்.

"'வரல்ல' எண்டு போட்டன். அது போதும். போங்க."

உள்ளே: பெரிய தொங்கு விளக்கு. ஒவ்வொரு ஆசனத்துக்கும் மைக். ஒரு வயர் வெளியே தெரியவில்லை. நல்ல வேலை.

பிள்ளைகள் 29 பேரும் நுனிக்காலில் நடக்கிறார்கள். கீழே தடித்த கார்ப்பெட், எப்படி நடந்தாலும் சத்தம் வராது. ருக்ஸானா என்ற பிள்ளையிடம் ஏன் என்று கேட்டேன்.

"டீச்சர் பழக்கின, சேர். பாராளுமன்றத்துல செருப்புச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு அஞ்சாம் வகுப்பு வராந்தாவுல ஒவ்வொரு நாளும் நடக்க வெச்ச."

எனக்குத் தெரியாது. ப. சொன்னதே இல்லை.

நானும் நுனிக்காலில்.

ஜூன் 26, வெள்ளி. வீடு

ஊரில் மழை இல்லை. கடையில் அந்த மொனிட்டர் அப்படியே.

மாமி அடுப்படியில். "எப்பிடி மகன் பயணம்?"

"உங்கட மகளுட பேர வாசிச்சாங்க மாமி. பாராளுமன்றக் கேட்டில."

கரண்டி நின்றது. "முழுப் பேருமா?"

"ஓம்."

"எப்பிடி வாசிச்ச? சொல்லுங்க."

சொன்னேன். முகம்மது இஸ்மாயில் சித்தி பரீனா.

மாமி அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தார். "அவட வாப்பாட பேர எல்லாரும் பிழையாத்தான் வாசிக்கிற."

"சரியா வாசிச்சார். ரெண்டு தரம்."

"அப்ப நீங்களும் ரெண்டு தரம் சொல்லுங்க."

சொன்னேன். மீன் ஆணம் அடிப்பிடித்துவிட்டது. அதையேதான் சாப்பிட்டோம்.