வெயிலில் கேட்ட இடி

அச்சங்குளம்

அன்புள்ள சுகிர்தாவுக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே அம்மா, அனு, நான் மூன்று பேரும் சுகம். மாமா பட்டாசுக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சுகம், இந்தத் தடவை அதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது, கீழே வரும். பின்லாந்துக் குளிரில் நீயும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இதற்குள் அம்மாவுக்குப் போன் வந்திருக்கும். அப்பா போனதிலிருந்து உனக்கு அப்பா இடத்தில் நான்தான் என்று எல்லோருமாகச் சேர்ந்து சொல்லிவிட்டார்கள், அதனால் புத்திமதியும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். வாட்ஸப்பில் எழுதினால் துண்டு துண்டாகப் போகும், நீயும் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய். அதுதான் உங்கள் யுனிவர்சிட்டிக்குத் திரும்புகிற சாத்தூர்ப் பையனிடம் காராச்சேவு பொட்டலத்தோடு சேர்த்து இதைக் கொடுத்துவிடுகிறேன். சேவை உடனே சாப்பிட்டுவிடு, நமுத்துப்போக விடாதே.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். சனிக்கிழமை ரேடியோவில் நம் முதல் காண்டாக்டைப் பாதியில் விட்டுவிட்டு எங்கே ஓடினேன் என்று ஒன்று, கம்ப்யூட்டரே அனுப்பிக் கம்ப்யூட்டரே படிக்கிற எஃப்டி-8 இருக்கும்போது காதால் கேட்டு எழுதுகிற மோர்ஸ் எதற்கு, படிக்கத்தான் வேண்டுமா என்று இன்னொன்று. போன மாதம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன், தேவையில்லை, நேர விரயம் என்று. எனக்கு எஃப்டி-8 மேல் அவ்வளவு பிரமிப்பு, அது இன்னும் குறையவில்லை. சனிக்கிழமை மத்தியானம் உன் ஸ்டேஷன் பெயர், அந்தக் கால்சைன், என் திரையில் வந்தபோது நான் கத்திய கத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சுகிர்தா என்னடா சொன்னா என்றாள். மைனஸ் இருபத்தொண்ணு என்றேன். அப்படின்னா என்றாள். நான் அனுப்புவது அவளுக்கு இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, காதால் கேட்கவே முடியாது, ஆனாலும் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிட்டது என்றேன். சாப்பிட்டாளான்னு கேட்டியா என்றாள். அதுல கேக்க இடமில்லம்மா, கால்சைனும் மேப்புல ஊர் இருக்கிற கட்டமும் ஒரு நம்பரும்தான் போகும் என்றேன். அம்புட்டு தூரம் போற மிஷினுக்குச் சாப்பிட்டியான்னு கேக்கத் தெரியாதாக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. வாசல் எல்இடி பல்பு எரிகிற பவர், மொட்டைமாடியில் கட்டிய ஒரு வயர், அதிலிருந்து கிளம்பியது வானத்தில் முட்டி மடங்கி ஔலுவில் உன் ஜன்னலில் இறங்குகிறது. எழுபத்தேழு பிட் சேதிக்குத் தொண்ணூற்றேழு பிட் காவல், நடுவில் நாலைந்து துண்டு செத்தாலும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு முழுச் சேதியையும் எழுப்பிவிடுகிறது. கணக்கைப் புரிந்துகொண்டவன் நான், எனக்கே ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிகிறது. காதுக்கு அதில் வேலையே இல்லை என்பதால் ஸ்பீக்கரை மூடி வைத்துத்தான் ஓட்டுவேன்.

உன் மதினி அனுவுக்கு ரேடியோ லைசென்ஸ் ஜெனரல் கிரேடு வேண்டுமாம், அதற்கு மோர்ஸ் தேர்வு இருக்கிறது, அதனால் அவள் அதே அறையில் மறு மூலையில் பேட்டரி ரிசீவர் ஒன்றில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாற்பது மீட்டர் அலைவரிசையில் யாரோ அனுப்புகிற மோர்ஸைக் காகிதத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் டிரான்ஸ்மிட் பண்ணும்போதெல்லாம் அவள் ரிசீவர் செவிடாகிவிடும். பதினஞ்சு செகண்டு எங்க காது, பதினஞ்சு செகண்டு உங்க ஊளை, என்ன பிழைப்புங்க இது என்று திட்டிக்கொண்டேதான் எழுதினாள். எட்டிப் பார்த்தேன், எழுத்துகளுக்கு நடுவே எல்லாம் ஓட்டை. ரெண்டு மாசமாப் படிக்கிறே, இன்னும் பாதி எழுத்தை விடுறே, காதை எங்கே வச்சிருக்கே என்றேன். அவள் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னாள், என் காதுக்கு ஒண்ணுமில்ல, வானத்துக்குத்தான் என்னமோ ஆயிருக்கு, டப்பு டப்புன்னு வெடிச்சு எழுத்தை முழுங்குது, முன்னெல்லாம் வரிக்கு ஒண்ணு, இப்ப வார்த்தைக்கு ஒண்ணு. கரண்டுக் கம்பத்துல ஸ்பார்க்கா இருக்கும் என்றேன். கம்பம்னா ஒரே மாதிரி இரையும், இது கிட்ட வருதுங்க என்றாள். அவளுடைய காகிதத்தை மறுபடி பார்த்தேன். மேல் வரிகளில் ஓட்டை தூரத்தூர இருந்தது, கீழே வரவர நெருங்கியிருந்தது. எழுந்து என் ஸ்பீக்கரைத் திறந்தேன், சுகிர்தா, அதே வெடி. திரையில் குறுக்கே குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன, எத்தனை நேரமாகவோ, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அது மின்னல், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வெட்டினாலும் ரேடியோவில் அப்படித்தான் வெடிக்கும். அந்த இடிகளுக்கு நடுவேதான் உன் மைனஸ் இருபத்தொன்று ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் வந்து நின்றது. இடி தின்றதை எல்லாம் ப்ரோகிராம் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிட்டு, இடி இருந்த விஷயத்தையே எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

வெளியே வந்து பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேற்கே மலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு, வேறொன்றும் இல்லை. இது தீபாவளி சீசன், மாமா கம்பெனியில் ரூம் ரூமாக ஆள் உட்கார்ந்து பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருப்பார்கள். இடி வந்தால் வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றுவதுதான் சட்டம், ஆனால் வெயிலில் இடி வருகிறது என்று போர்மேனுக்கு யார் சொல்வது. கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டேன், தீப்பொறிக்குப் பயந்து செல்லெல்லாம் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கும் என்பது உனக்குத் தெரியும், அடித்து ஓய்ந்தது. மாமா சிவகாசியில் லாரி ஆபீஸில் இருந்தார். மாப்ளே, சாயந்தரம் லோடு கிளம்பணும், நீ ரேடியோவுல பொட்டுப் பொட்டுனு கேக்குதுங்கதுக்கு நான் ஆள எழுப்பி விடணுமாலே, வடநாட்டு ஆர்டர்காரன்ட்ட நீ வந்து பேசுதியா என்று வைத்துவிட்டார். மின்னல் வீட்டுக்குள் இறங்கிவிடக் கூடாதே என்று ஆன்டெனா வயரைப் பிடுங்கிப் போட்டேன், நம் காண்டாக்ட் செத்தது அங்கேதான். அனுவின் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

போர்மேன் அய்யாதுரை அண்ணாச்சி கேட்டுக்கு வந்ததும் வானத்தைத்தான் பார்த்தார். தம்பி, ஒரு பொட்டு மேகம் காங்கலயே, மொதலாளி சொல்லாம நான் எப்படி மணி அடிக்க என்றார். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கேட்டுக்கு வெளியே ஸ்டூலில் ரிசீவரை வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். யாரோ ஒரு ஆள் எங்கிருந்தோ மோர்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தான், கீச் கீச்சென்று அவன் சத்தம், அதன் மேல் மடார் மடாரென்று இடி, ரெண்டு எழுத்துச் சேர்ந்து கேட்கவில்லை. அவரும் குனிந்து நின்று கேட்டார். இது எம்புட்டு தூரத்துல இருக்கு என்றார். தெரியாது அண்ணாச்சி, ஆனா வீட்டுல கேட்டதுக்கு இப்ப ரெண்டு பங்கு என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஓடிப்போய் மணியை அடித்துவிட்டார். மாமாவை மீறி அவர் அடித்தார் என்பதை நீயும் மறந்துவிடாதே, அதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

வெளியே வந்தவர்கள் என்னை வாழ்த்தவில்லை. எண்ணிக்கைக் கூலி, எழுந்து வந்தால் அவ்வளவும் நஷ்டம். மரத்தடிக்குப் போகப் பார்த்தவர்களைத் தடுத்து, ஆள் கொண்டுவருகிற வேன்களுக்குள் ஏறச் சொன்னேன், சுற்றிலும் தகரம், மின்னல் விழுந்தாலும் உள்ளே வராமல் தகரம் வழியாகவே தரைக்கு இறங்கிவிடும், அதைவிடப் பத்திரமான இடம் அங்கே இல்லை. செலுத்து ரூமில் வேலை பார்க்கிற இருளம்மாள் அக்கா போட்ட சத்தம் சாத்தூருக்கே கேட்டிருக்கும். வேன்ல ஏறுன்னதும் வீட்டுக்கு விடப்போறான்னு பாத்தா கோழிய அடைக்க மாதிரி இங்கனயே அடைக்கானே, படிச்சவனுக்கு வெயில்ல மூளை கலங்கிருச்சுடி என்றாள், வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் வேர்த்து ஊற்றிக்கொண்டு உள்ளேதான் இருந்தேன். ஜன்னல் வழியாக ஸ்டூலில் ரிசீவர் பொரிந்துகொண்டிருப்பது கேட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் காற்று திரும்பியது, மேற்கே சாம்பல் நிறத்தில் ஒன்று எழுந்து வெயிலை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்தது. முதல் மின்னல் வெம்பக்கோட்டைப் பக்கம். அடுத்து எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் வெள்ளை, பிறகு சத்தம், அது இடியும் வெடியும் சேர்ந்த சத்தம், வேனே தரையை விட்டு எழும்பி உட்கார்ந்த மாதிரி இருந்தது. செலுத்து ரூம் ஒன்று இல்லை. பக்கத்து ரூமுக்குக் கூரை இல்லை. யாரும் கத்தவில்லை சுகிர்தா, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம், அத்தனை பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேல் ஒரு கீறல் இல்லை.

நான் மின்னலைப் பாடத்தில் படித்தவன், அச்சாபீஸ் மிஷின்களைப் பழுதுபார்க்கையில் போர்டுகளில் அது செய்த வேலையைத் தினமும் பார்க்கிறவன். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நம் வீட்டு அறைக்குள் ஒரு காகிதத்தில் ஓட்டை போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததே, அதை நினைத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. அதே மத்தியானம், அதே வானம், அந்த அமளிக்குள்ளேயிருந்து உன்னுடைய முணுமுணுப்பைப் பிரித்துக் கொடுத்த கணக்கும் எனக்குக் குறைந்த அதிசயம் இல்லை. எஃப்டி-8ஐ விடாதே, அது வானத்தைக் கடக்கிறது. மோர்ஸையும் படி, அதைக் காதால் பிடிக்கப் பாடுபடுகிறவனுக்குச் சேதியோடு வானமும் சேர்ந்து கேட்கிறது. எது உசத்தி என்று கேட்காதே, கேட்டால் எனக்குக் கோபம் வரும். மாமாவும் வந்து பார்த்தார், ரூம் இருந்த இடத்தைச் சுற்றி வந்தார், அய்யாதுரை அண்ணாச்சியின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். கம்பெனி இப்போது இன்ஸ்பெக்ஷனுக்காகப் பூட்டியிருக்கிறது. அன்றைக்கு மழை விட்ட பிறகு இருளம்மாள் அக்கா தான் வழக்கமாக உட்காருகிற இடத்தைக் கேட்டிலிருந்தே பார்த்தாள், அங்கே கரிந்த தரையும் மேலே வானமும்தான். பார்த்துவிட்டு ஸ்டூலில் நனைந்து கிடந்த ரிசீவரை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். கம்பெனி தொறந்தா இந்தப் பெட்டியத் தெனமும் கொண்டாந்து வச்சிருவியா ராசா என்றாள். வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா உன்னைக் காதை மூடிக் கம்பளித் தொப்பி போடச் சொல்கிறாள், அனு மோர்ஸ் பரீட்சையில் உன்னை முந்திக்காட்டுவேன் என்கிறாள். நீ எங்கே இருந்தாலும் நம் குலசாமி உன் பக்கம் நிற்கட்டும், படிப்பும் உடம்பும் நன்றாக வரட்டும். ஒன்றே ஒன்று, எஃப்டி-8ஓ மோர்ஸோ, எந்த மோடில் ஓட்டினாலும் ஸ்பீக்கரை மூடாதே.

உன் மேல் எப்போதும் கண்ணாக இருக்கும் அண்ணன்,
நவநீதகிருஷ்ணன்