ஹயா கெட்டவள் என்றார்கள் உன்னை

என் அன்பு லாத்தா, என் அக்கா, அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

லப்பைக்குடிக்காடு கடைத்தெரு போன் பூத். வெளியே வரிசை. துபாய் லைன் சரியாகக் கேட்காது. எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். உடம்பு எப்படி, மழை உண்டா என்று. நீ கத்தியது வேறு.

"மச்சான், ஒங்க தலாணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு எத்தன நாளைக்குத் தூங்குறது? வந்துடுங்க."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். கூட வந்திருந்த உன் மாமியார் பல்லைக் கடித்தார். "ஹயா கெட்டவ. ஊரே கேக்குது."

"ஊரு கேக்கட்டும் மாமி. அவருக்குக் கேட்டுச்சான்னுதான் எனக்குக் கவல."

கேட்டிருந்தது. மச்சான் வந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் முன் ஒரு மழைக்காலம் சேர்ந்திருந்தீர்கள். நீ கூச்சப்பட்டிருந்தால் அதுவும் இல்லை.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். தமிழ் எம்.ஏ. படிக்கிறவளுக்கு அரபு அகராதியில் என்ன வேலை? ஹயா என்றால் நாணம். ஹயாத்து என்றால் உயிர்வாழ்வு. இரண்டுக்கும் ஒரே வேர். உயிருள்ளதுதான் கூசும் என்பதாலா? அப்படியானால் உன்னைவிட ஹயா உள்ளவள் யார்? இதைச் சொன்னால் எப்படிச் சிரித்திருப்பாய்.

எனக்கும் நிக்காஹ் ஆகிவிட்டது லாத்தா. அவர் குவைத்தில். போன் இருப்பது ஹாலில், மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில். ஸலாம் சொல்வேன். சாப்பிட்டீங்களா என்பேன். மாமியிடம் கொடுத்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை கேட்டார். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கம்பெனில கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நீ என்ன சொல்றே?"

ஹாலே என்னைப் பார்த்தது. "ஒங்க இஷ்டம்" என்றேன். வேர்ச்சொல் தெரிந்தவள்.

இந்த வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். மறுபடி அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன். உனக்கு என் வாக்கு.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வந்தது. எல்லோரும் இருந்தார்கள். "கையெழுத்துப் போடாதீங்க. நீங்க எனக்குப் பக்கத்துல வேணும்" என்றேன். லைன் கரகரத்தது. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். பிறகு போனை மாமியிடம் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த
தங்கச்சி